ரோனா நிற்கும் இடம்

எங்கள் தீவில் இருப்பது ஐம்பத்தெட்டுப் பேர். வேலைகள் அதைவிட அதிகம், அதனால் ஆளுக்கு இரண்டு மூன்று தொப்பி. காலையில் பெரிய தீவின் கிர்க்வால் ஊரிலிருந்து எட்டு இருக்கை விமானம் வந்து புல்வெளியில் இறங்கும்போது நான் தீயணைப்பு வண்டியில் தலைக்கவசத்தோடு உட்கார்ந்திருப்பேன். விமானம் தீப்பிடிக்காமல் நின்றதும் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தபால்காரன் தொப்பியை மாட்டிக்கொண்டு பையை வாங்கிக்கொள்வேன். பதினாறு வருடத்தில் விமானம் ஒரு தடவைகூடத் தீப்பிடித்ததில்லை. தபாலும் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இந்த இரண்டாவது பெருமையை சென்ற ஜூலையில் என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமைப் பையில் அந்த உறை இருந்தது. மேலே என் மனைவி ரோனாவின் பெயர், மூலையில் ஆஸ்பத்திரி முத்திரை. நான் பிரிக்கவில்லை. பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும். நிஜம் அல்லது பொய், இரண்டில் ஒன்று. அந்த உறையைத் தீயணைப்பு வண்டியின் இருக்கைக்கு அடியில் செருகிவிட்டு, மற்றவர்களின் கடிதங்களை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ரோனாவுக்கு மல்ட்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் வந்து பத்து வருடம் ஆகிறது. வடகடலில் சிதறிக் கிடக்கும் எங்கள் ஆர்க்னித் தீவுகளில் இது ஊர் அறிந்த நோய். எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஓர் அத்தையோ மச்சானோ கைத்தடியோடு இருப்பார்கள். ஏன் இங்கே மட்டும் இத்தனை பேருக்கு என்று கேட்டால், வெயில் போதவில்லை என்பார் ஒருவர், ரத்தத்திலேயே இருக்கிறது என்பார் இன்னொருவர். வந்து போகும் டாக்டர்கள் ஊசியில் எங்கள் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போவார்கள். நரம்பின் மேல் இருக்கும் உறையை உடம்பே அரித்துவிடுகிறது என்பதுவரைக்கும் சொல்வார்கள். அதற்குமேல் கேட்டால் விமானத்துக்கு நேரமாகிவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு புதுப் பேச்சு கிளம்பியது. மூளைக்குப் போன ரத்தம் திரும்பி இறங்கும் கழுத்துக் குழாய்கள் சிலருக்குச் சுருங்கியிருக்கின்றன, ரத்தம் வடியாமல் மேலேயே தேங்குகிறது, அதுதான் நோய்க்கு மூலம் என்றார்கள். எனக்கு அது ஒரு நொடியில் புரிந்துவிட்டது. மாட்டுக்கொட்டிலில் வடிகால் அடைத்துக்கொண்டால் கொட்டில் முழுக்கச் சாணித் தண்ணீர் நிற்கும். அடைப்பை எடுத்துவிட்டால் வடிந்துவிடும். மாடு வளர்க்கிற எவனும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய வைத்தியம் இது. எங்கள் தீவில் மாடு வளர்க்காதவன் கிடையாது. நாங்கள் எல்லோரும் ஒட்டுமொத்தமாக நம்பினோம்.

தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அதைச் சோதித்துப் பார்க்க ஆள் எடுத்தார்கள். ரோனாவுக்கு இடம் கிடைத்தது. டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார்.

"பாதிப் பேருக்குக் குழாய நிஜமாவே விரிச்சு விடுவோம். மீதிப் பேருக்குக் கம்பிய உள்ள விட்டு, ஒண்ணும் பண்ணாம வெளிய எடுத்துருவோம். யாருக்கு எதுன்னு ஒரு வருஷத்துக்கு உங்களுக்கும் தெரியாது, சோதிக்கிற எனக்கும் தெரியாது. அப்புறம் கடிதம் வரும். பொய்யா பண்ணினவங்களுக்கு, அவங்க விரும்பினா, நிஜமா பண்ணித் தருவோம்."

"உங்களுக்கே தெரியாம நீங்களே சோதிப்பீங்களா?" என்றேன் நான். "எங்க ஊர்ல அதுக்கு வேற பேரு."

மேஜைக்கு அடியில் ரோனா என்னை உதைத்தாள். அப்போது அவளுக்கு நன்றாக இருந்தது இடது கால் மட்டும்தான். அதை இப்படித்தான் செலவு செய்தாள்.

உறை வருவதற்கு முந்தின வருடம் ஏப்ரலில் செய்தார்கள். திரும்பி வந்த அன்று விமானத்தின் ஏணியில் அவள் இறங்கியதை நான் தீயணைப்பு வண்டியிலிருந்து பார்த்தேன். போகும்போது இரண்டு கைத்தடி, வரும்போது ஒன்று. இரண்டாவதை மறந்து ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டாளாம். எனக்குத் தலைக்கவசத்துக்குள்ளே கண்ணீர் வந்தது. துடைக்க வழியில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த மே மாதம் கிணறு வரை நடந்தாள். ஜூனில் கல்மதில் வரை. ஜூலையில் பட்டிநாள் வந்தது.

எங்கள் தீவைச் சுற்றி ஆளுயரக் கல்மதில் ஓடுகிறது. மதிலுக்கு உள்ளே நாங்களும் மாடுகளும், வெளியே கடற்கரையில் கடற்பாசி தின்று வாழும் ஆடுகள். வருடத்துக்குச் சில நாட்கள் அவற்றைக் கரையோரமாகத் துரத்திக் கல்பட்டிக்குள் அடைத்து ரோமம் கத்தரிப்போம். கடல் ஏறி நிற்கும் நேரத்தில்தான் முடியும். ஒவ்வொரு வீடும் ஓர் ஆளைத் துரத்தவும் ஓர் ஆளை வழிமறித்து நிற்கவும் தர வேண்டும். நிற்கிற இடம் வீட்டுக்கு வீடு பரம்பரையாக வருவது. ஆள் குறைந்த வீடு, எங்கள் இடத்தை மூடிக்கொள்ளுங்கள் என்று வாய்விட்டுச் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரர்கள் நகர்ந்து அதைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அப்படி மூடிய இடத்தை மறுபடி கேட்கிற வழக்கம் இல்லை. எங்கள் வீட்டு இடம் பட்டி வாசலுக்குக் கடல் பக்கம், ஆடுகள் கடைசியாகத் திமிறி ஓடப் பார்க்கும் திருப்பம். அங்கே நிற்பதற்குக் கால் வேண்டும்.

ரோனா எங்கள் தீவுக்காரி இல்லை. பக்கத்துத் தீவிலிருந்து ஒரு பட்டிநாளுக்கு விருந்தாக வந்தவள். என் அம்மாவின் இடத்தில் சும்மா நின்றவள், ஒரு கிடா திமிறியபோது வழுக்குப் பாறையில் தாவித்தாவி ஓடி அதை மடக்கித் திருப்பினாள். எனக்கு இருபத்தாறு வயது. ஆட்டை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றதால் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. மறுவருடம் அவள் அங்கே எங்கள் வீட்டுப் பெண்ணாக நின்றாள். நோய் வந்த பிறகும் அந்த இடத்தை மூடச் சொல்ல மாட்டேன் என்றாள். ஒன்பது வருடமும் பக்கத்து இடத்து மினா தன் கனத்த உடம்பை இரண்டு பக்கமும் ஓட்டி எங்கள் இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள்.

அந்த வருடம் பட்டிநாளில் ரோனா கைத்தடியை மதிலில் சாய்த்துவிட்டு இடத்தில் நின்றாள். மூன்று ஆடுகள் அவள் பக்கம் திரும்பின. அவள் ஓடினாள். பத்து அடி இருக்கும், பன்னிரண்டு இருக்கும், அழகான ஓட்டமும் இல்லை. ஆனால் ஆடுகள் திரும்பின. தீவு மொத்தமும் கத்தியதில் உள்ளே போன ஆடுகளும் மிரண்டு வெளியே வரப் பார்த்தன.

"உன் பொண்டாட்டி கழுத்துல வாய்க்கால் வெட்டினவங்கள எனக்கும் ஒண்ணு வெட்டச் சொல்லுப்பா," என்றாள் மினா மூச்சு வாங்க. "முட்டியில."

"உனக்கு வாய்க்கால் போதாது மினாக்கா, துறைமுகமே வெட்டணும்," என்றாள் ரோனா.

அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காக நான் எதையும் கொடுப்பேன். அதனால்தான் உறையை ஒளித்தேன். ஊரில் எல்லோருக்கும் சந்தேகமே இல்லை, செய்தது நிஜம்தான் என்று. எனக்கு மட்டும் ஒரு பயம். ஒருவேளை பொய்யாகச் செய்திருந்தால்? நம்பிக்கையில்தான் அவள் கால் நடக்கிறது என்றால், காகிதத்தில் பொய் என்று படித்த நிமிடமே அந்தக் கால் நின்றுவிடாதா? வெள்ளிக்கிழமை பட்டிநாள். அது தாண்டட்டும், சனிக்கிழமை கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் கால் ஏற்கெனவே சரியில்லை. எனக்குத் தெரிந்தும் தெரியாதது போல இருந்தேன். குளிர்காலத்தில் கோப்பைகள் உடைந்தன, வழுக்கிவிட்டது என்றாள். மார்ச்சில் படுக்கையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொன்னாள், மாடியில் காற்று அடிக்கிறது என்றாள். இருபது வருடமாக அடிக்காத காற்று. நானும் ஆமாம் என்று கட்டிலைத் தூக்கி வந்தேன். உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்துகொண்டாள், துணி காயப்போட என்னைக் கூப்பிட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் சொன்னாள், எல்லாக் காரணத்தையும் நான் வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"தபால்ல ஒண்ணும் வரலையா?"

"விதைக் கம்பெனி விளம்பரம் வந்துது."

"எனக்கு?"

"நீ என்ன விதைக்கப் போற?" என்றேன். வேடிக்கையாகச் சொன்னதாக நினைப்பு.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வெண்ணெயை என் பக்கம் தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை கடல் ஏறியிருந்தது, காற்று தெற்கிலிருந்து, எங்கள் கணக்கில் நல்ல வெயில். உறையை வண்டியில் விட்டுவரப் பயமாக இருந்ததால் சட்டையின் உள்பையில் போட்டுக்கொண்டேன். வடமுனையிலிருந்து நாங்கள் பதினைந்து பேர் துரத்திக்கொண்டு வந்தோம். ஆடுகளின் விவகாரம் பார்க்கும் ஆட்டுச் சபைக்குத் தலைவர் சின்க்ளேர் கிழவர், எண்பது வயது, நடக்க முடியாமல் டிராக்டரில் மதிலுக்கு உள்பக்கமாக வந்துகொண்டே எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார். திருப்பம் தெரிந்ததும் என் கண் முதலில் தேடியது ரோனாவை. நீலச் சட்டையில் தன் இடத்தில் நின்றாள். கைத்தடியை இந்த முறையும் மதிலில் சாய்த்திருந்தாள். என் மனசு குதித்தது.

முன்னால் வந்த கறுப்புப் பெண்ணாடு வாசலைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. அவள் பக்கம் திரும்பியது. ரோனா ஓர் அடி எடுத்து வைத்தாள். இரண்டாவது அடிக்கு வலது கால் வரவில்லை. பாதம் கல்லிலேயே இருந்தது, உடம்பு மட்டும் முன்னால் போனது. கையை ஊன்றக்கூட முடியாமல் விழுந்தாள். அவள் மேலேயே தாவி, அத்தனை ஆடுகளும் கடல் பக்கமாக ஓடிப் போய்விட்டன.

நான் போய்ச் சேர்ந்தபோது மினா அவளைத் தூக்கி மதிலோடு சாய்த்து உட்கார வைத்திருந்தாள். முழங்கையில் ரத்தம். முகம் சிவந்திருந்தது.

"நீ போ மினாக்கா, ஆட்டப் பாரு," என்றாள் ரோனா. "இவன்கிட்ட ஒண்ணு பேசணும்."

மினா போனாள். நான் கைக்குட்டையை எடுத்துக் கட்டப் போனேன்.

"கடுதாசி எங்க?" என்றாள்.

"எந்தக் கடுதாசி?"

"எர்லண்ட், உனக்குப் பொய் சொல்ல வராது. முயற்சி பண்ணாத, அசிங்கமா இருக்கு. செவ்வாக்கிழம நர்ஸ் போன் பண்ணினா. போன வாரமே அனுப்பிட்டோம், வந்துச்சான்னு கேட்டா. நீயே குடுப்பேன்னு மூணு நாளாப் பாத்துக்கிட்டிருக்கேன்."

பதினாறு வருடத் தபால்காரன் நான் தலைகுனிந்து நின்றேன். உள்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். வியர்வையில் உறை நைந்திருந்தது.

"பயந்துட்டேன்," என்றேன். "பொய்னு இருந்தா நீ ஒடஞ்சு போயிருவியோன்னு. இந்தப் பட்டிநாள் மட்டும் நீ நிக்கணும்னு ஆசப்பட்டேன். உன்ன அங்க பாக்கணும்னு."

"தெரியும். அதுக்குத்தான் நின்னேன். இந்தக் கால் மார்ச்லயே போச்சு. நீ காலையில எழுந்து பட்டிநாள் பட்டிநாள்னு சின்னப் பையன் மாதிரி பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டிருந்த. எப்படிச் சொல்றது?"

நான் கைக்குட்டையை அவள் முழங்கையில் சுற்றிக் கட்டினேன்.

"நீ என்னன்னு வேண்டிக்கிட்ட?" என்று கேட்டாள்.

"நிஜமா இருக்கணும்னு. வேற என்ன?"

"நான் பொய்யா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் ஆடு கத்துகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"யோசிச்சுப் பாரு. பொய்யா பண்ணியிருந்தா, நிஜம் இன்னும் பாக்கி இருக்கு. கூப்பிட்டுப் பண்ணுவாங்க. வெறும் பொய்க்கே பன்னெண்டு அடி ஓடினேன்னா, நிஜத்துக்கு எவ்ளோ ஓடுவேன். மார்ச்லேர்ந்து இதத்தான் நெனச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். ஒவ்வொரு ராத்திரியும் ஓடிப் பாக்கறேன், இந்தத் திருப்பத்துலேர்ந்து அந்தப் பாறை வரைக்கும். பிரி. படி. உடம்பு சூடேறினா எனக்குக் கண்ணு மங்கிருது, எழுத்து தெரியல."

உறையைப் பிரித்தேன். ஒரே தாள். கண் தானாக இரண்டாவது வரிக்குப் போனது. நான்கு நாள் நான் வேண்டியது அப்படியே கிடைத்திருந்தது. அதைப் போல ஒரு வரத்தை என் எதிரிக்கும் கொடுக்க வேண்டாம்.

உண்மையைச் சொல்கிறேன், மாற்றிப் படித்துவிடலாம் என்று தோன்றியது. அவளுக்குக் கண் தெரியவில்லை, காற்றும் அடிக்கிறது, ஒரு வார்த்தைதானே. இன்னும் ஒரு குளிர்காலம் அவள் படுக்கையில் ஓடிக்கொண்டிருக்கட்டுமே. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தாள் நடுங்குவது மங்கின கண்ணுக்கும் தெரியும்.

படித்தேன். "நீங்கள் சிகிச்சை பெற்ற பிரிவைச் சேர்ந்தவர். சென்ற ஆண்டு ஏப்ரலில் உங்கள் கழுத்தின் இரு பக்க ரத்தக்குழாய்களும் முழுமையாக விரிக்கப்பட்டன. ஓராண்டுக்குப் பிந்தைய சோதனையில், மூளையிலிருந்து ரத்தம் தடையின்றி வடிவது தெரிகிறது. சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே நோயின் போக்கில் வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

கடல் இரைந்தது. நான் தாளை மடித்தேன், மறுபடி பிரித்தேன்.

"ரத்தம் நல்லா ஓடுதாமா?" என்றாள்.

"தடையில்லாம ஓடுதாம்."

"நல்லது." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அதுவாவது ஓடட்டும்."

அந்தக் காகிதத்தின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. கொட்டில் வடிகால் உவமையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்த என் வாயின் மேலும் அதே ஆத்திரம். அவளுக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தேன். அவள் தோளை என் மேல் சாய்த்தாள். அவள் கழுத்தில் நாடி துடித்தது என் கன்னத்தில் பட்டது.

மதிலுக்கு மேல் சின்க்ளேர் கிழவரின் தொப்பி தெரிந்தது. டிராக்டர் இருக்கையில் ஏறி நின்றுகொண்டு எட்டிப் பார்த்தார்.

"ரோனா, பொண்ணே, எலும்பு கிலும்பு ஒடஞ்சுதா?"

"இல்ல மாமா."

"தண்ணி எறங்க இன்னும் ஒரு மணி நேரந்தான். மறுபடி வளைச்சுக்கிட்டு வர்றாங்க. உங்க எடத்துல யாரு?"

"நான் நிக்கறேன்," என்றேன் எழுந்து.

"நீ நின்னா பின்னாடி எவன் துரத்தறது? இரு," என்றாள் ரோனா. பிறகு தலையை நிமிர்த்திக் கிழவரைப் பார்த்தாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "எங்க எடத்த மூடிக்குங்க மாமா."

திட்டுவதற்கு எப்போதும் தயாராக இருக்கிற கிழவரின் வாய் அன்று மெல்லத்தான் பேசியது.

"இன்னைக்கு மட்டும்னு வச்சுக்கலாமே," என்றார்.

"இல்ல," என்றாள். "மூடிக்குங்க."

அவர் தலையாட்டினார். மதிலுக்கு மேலிருந்தே மினாவிடமும் அடுத்த வீட்டுக்காரனிடமும் ஏதோ சொன்னார். மினா எங்கள் பக்கம் பார்க்காமல் நான்கு அடி கடல் பக்கமாக நகர்ந்தாள். அடுத்த வீட்டுக்காரன் நான்கு அடி இந்தப் பக்கம் நகர்ந்தான். வரிசையில் இடைவெளி இல்லாமல் போனது.

"போ," என்றாள் ரோனா என்னிடம். "வடக்கால ஆள் பத்தாது."

நான் ஓடினேன். எனக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தன. அதற்காக அன்று நான் பட்ட வெட்கம் கொஞ்சமில்லை. பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது, அவள் மதிலில் சாய்ந்தபடி, ஆடுகளைப் பார்க்காமல், நான் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.